இரண்டாவது பிளக்

அந்த வீட்டில் சர்வர் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. மூன்றாம் மாடியில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சாமான் அறையில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அது படுத்திருந்தது. பீரோவிலிருந்து ஒரே ஒரு இழுப்பறையை மட்டும் உருவிக்கொண்டு வந்து வைத்தது மாதிரி நீளமாக, தட்டையாக இருக்கும். உருவம்தான் அப்படி, வாய் பெரிய வாய். உள்ளே வரிசையாக ஆறு விசிறிகள். அவை சுற்றத் தொடங்கினால் ஹாலில் டிவி பார்க்கிறவர் சத்தத்தைக் கூட்டுவார், டிவி சத்தத்துக்கு மேல் சமையலறையிலிருந்து மருமகள் கத்துவாள், அவள் கத்துவதைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரி சண்டை என்று நினைத்துக்கொண்டு ஆசையோடு ஜன்னலைத் திறப்பாள்.

அதை வாங்கலாம் என்றது புருஷன்காரன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. சர்வரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றியவனும் அவனேதான்.

வாங்கியது அவளுக்காக. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடி வீட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவதுபோல் படம் செய்து தருவது அவள் வேலை. ஜன்னல் வழியாக வெயில் வரும், சோபாவில் நிழல் விழும், குழாயில் தண்ணீர் மின்னும். எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைவது. இரண்டு நிமிடப் படம் என்றால் மூவாயிரம் தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சர்வரின் இரண்டு பிராசஸர்களும் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் அவள் ஒரு ஆபீசில் இதே வேலையில் இருந்தாள். அப்போதுதான் மாமனார் படுக்கையில் விழுந்தார். நாற்பது வருஷம் வண்டிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர். தெருவில் இப்போதும் பெயிண்டர் என்றால்தான் தெரியும். அடித்ததில் பாதி வண்டிக்குப் போனது, மீதி அவர் நெஞ்சுக்குப் போனது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் எட்டு மாதம் நாலு வேளை நெபுலைசர், மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற சின்ன மிஷின். “யாராவது ஒருத்தர் வீட்ல இருந்துதான் ஆகணும்” என்றான் மெக்கானிக். அந்த யாராவது யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் வேலையை விட்டாள். பெயிண்டர் எழுந்து நடமாடினார். ஆனால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு கட்டடக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஒரே ஒரு படம், பரீட்சை மாதிரி. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்து பிடித்துவிட்டால் அவர்கள் வேலையெல்லாம் அவளுக்கு. பன்னிரண்டு தாண்டினால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு. மூன்று வருஷத்தில் திறந்த ஒரே கதவு அதுதான். அவள் அதை நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தாள் என்று சொன்னால் பொய். நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மிஷினை ஓடவிட்டாள். தனிப் படம் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிந்துவிடும், இரண்டு நாள் கையில் நிற்கும். பதினொன்றரைக்கு எட்டிப்பார்த்தால் ஒரு படத்துக்கு எட்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

விற்றவருக்குப் போன் போட்டாள். பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட சர்வர்களை வாங்கித் துடைத்து விற்கிறவர். ஊரே டப்பாக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருக்கே தன் பெயர் மறந்திருக்கும்.

“டப்பா பேசறேன், சொல்லுங்க சிஸ்டர்.”

“அண்ணே, மிஷின் படுத்துடுச்சு.”

“ஆஃப் ஆயிடுச்சா?”

“ஆஃப் ஆகல. ஓட வேண்டியது நடக்குது. பிராசஸர் ரெண்டும் நூறு பர்சென்ட் வேல செய்யறதா காட்டுது, ஆனா வேகம் மட்டும் கால்வாசிதான் இருக்கு.”

“அப்படியா? செட்டிங்ஸ்ல பவர மிச்சம் பண்ற மோடுல கெடக்கும். கம்பெனிக்காரன் கரண்ட் பில்லுக்குப் பயந்து வெச்சிருப்பான். ஆஃப் பண்ணி, ஆன் பண்றப்ப உள்ள போயி, முழு வேகம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அத வெச்சு விடுங்க.”

வைத்தாள். மறுபடி இரண்டு நிமிஷம். டப்பாக்காரரை மனசுக்குள் வாழ்த்தினாள். அந்த வாழ்த்து சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. ஐந்து மணிக்கு மேல் திரும்பவும் எட்டு நிமிஷம். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது, மறுநாள் பதினொரு மணிக்கு மறுபடி படுத்துக்கொள்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே கூத்து.

“வெயில் ஏற ஏற சூடாகுது போல” என்றான் மெக்கானிக். அவனுக்கு எந்த மிஷினும் லிஃப்ட்தான். “மோட்டார் சூடானா ரிலே தூக்கி கரண்ட்ட நிறுத்திடும். இதுலயும் ஒரு ரிலே இருக்கும்.”

“இதுல ரிலேவெல்லாம் கெடையாதுங்க.”

“இருக்கும். இல்லாம எப்படி?”

திங்கட்கிழமை டப்பாக்காரர் நேரிலேயே வந்தார். மூன்று மாடி ஏறி, இளைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “லிஃப்ட் மெக்கானிக் வீடுன்னுல்ல சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாமான் அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சர்வருக்குப் பின்னால் குறுக்கே கயிறு கட்டி, இரண்டு லுங்கி, ஒரு போர்வை, நாலு பனியன் தொங்கிக்கொண்டிருந்தன.

“சிஸ்டர், இது என்ன?”

“சூடா காத்து வருதுல்ல, அர மணி நேரத்துல காஞ்சிடுது” என்றார் பின்னால் நின்ற பெயிண்டர், பெருமையாக. துணி காயப்போடுவது அந்த வீட்டில் அவர் பொறுப்பு. காலை பதினொரு மணிக்கு ஒரு வாளி, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வாளி.

“பெரியவரே, இது பின்பக்கமா மூச்சு விடற மிஷின். நீங்க மூக்கு மேலயே போர்வையப் போட்டு வெச்சிருக்கீங்க. அப்புறம் அது எங்க ஓடும்?”

மெக்கானிக் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். பெயிண்டர் துணியை உருவிக்கொண்டு போனார். டப்பாக்காரர் ஊதுகுழல் வைத்துத் தூசியையெல்லாம் ஊதிவிட்டார். “தூசியும் துணியும் ஆகவே ஆகாது. இந்த ரூம சுத்தமா வெச்சுக்குங்க” என்று சொல்லி, டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்திலிருந்து பெயிண்டர் அறையைப் பெருக்க ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை, துடைப்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தூசி ஹாலுக்கு வரக்கூடாதாம். “மாமா, இவ்வளவு தூசி எங்கதான் இருக்கு?” என்று ஒரு தடவை கேட்டாள். “ஒனக்குத் தெரியாதும்மா, வந்துகிட்டே இருக்கும்” என்றார்.

துணி போயும், தூசி போயும், மிஷின் திருந்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டப்பாக்காரர் மறுபடி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. விற்ற சரக்கின் மானம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. மூடியைக் கழற்றினார். பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த அலுமினியக் கட்டிகளைத் தூக்கி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டி, புதுசு தடவினார். மெமரிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துடைத்து, செருகினார். மூன்று மணி நேரம் போனது. அந்த மூன்று மணி நேரத்துக்கு எத்தனை படம் என்று அவள் வாய்க்குள் கணக்குப் போட்டபடி நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் டார்ச்சை நேராகப் பிடித்தாள்.

“பிராசஸர்ல ஒரு கோளாறும் இல்ல சிஸ்டர். நான் சத்தியம் பண்றேன். இது வேற ஏதோ.” டப்பாக்காரர் தன் லேப்டாப்பை ஒரு வயரால் சர்வரின் முதுகில் சொருகினார். “இதுக்குன்னு தனியா ஒரு டைரி உண்டு. தனக்கு என்னென்ன நடந்துச்சுன்னு நேரம் போட்டு எழுதி வெச்சுக்கும். பழைய கம்பெனிக்காரன் பாஸ்வேர்டு போட்டு வெச்சிருந்தான், இப்பதான் ஒடச்சேன்.”

திரையில் வரிசையாக வரிகள் வந்தன. மெக்கானிக்கும் வேலையிலிருந்து பாதியில் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான்.

“ஆகா!” என்றார் டப்பாக்காரர். “இங்க பாருங்க. இதுக்கு பவர் சப்ளை ரெண்டு. ரெண்டு வயர், ரெண்டு பிளக். ரெண்டு கால்ல நிக்கற ஆளு மாதிரி. ஒரு கால எடுத்துட்டா விழுந்துடாது, ஆனா பயந்துபோயி வேகத்தக் கொறச்சிட்டு ஒக்காந்துடும். கால திருப்பிக் குடுத்தாலும் எந்திரிக்காது. நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் எந்திரிக்கும்.”

“அப்ப?”

“ரெண்டாவது கால தெனம் யாரோ எடுக்கறாங்க. காலைல ஏழு மணிக்கு கரண்ட் போகுது, பன்னெண்டு நிமிஷத்துல வருது. மறுபடி மத்தியானம் ஒரு மணிக்குப் போகுது, பன்னெண்டு நிமிஷத்துல வருது. தெனம் இதே நேரம்.”

“காலைல ஏழு மணிக்கு நாங்க யாரும் அந்த ரூம் பக்கமே போறதில்லையே” என்றான் மெக்கானிக். உடனே அவன் முகம் தெளிந்தது. “சாக்கெட் லூசு! சொன்னேன்ல, கனெக்‌ஷன்தான்!” ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, சுவரில் இருந்த இரண்டு சாக்கெட்டையும் கழற்றி, முறுக்கி, திருப்பி மாட்டினான். அந்த அறையில் மொத்தமே இரண்டு சாக்கெட்தான். இரண்டிலும் சர்வரின் பிளக்.

அவள் லேப்டாப் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வரின் கடிகாரம் பன்னிரண்டு இருபது என்றது. சுவர்க் கடிகாரம் நாலு இருபது என்றது. மிஷின் நாலு மணி நேரம் பின்னால் இருந்தது. பழைய கம்பெனியில் யார் எப்போது வைத்த நேரமோ, அதையே மாற்றாமல் வைத்துக்கொண்டிருந்தது.

ஏழு என்றால் பதினொன்று. ஒன்று என்றால் ஐந்து.

டப்பாக்காரர் மூடியை மாட்டி, மிஷினை ஆன் செய்து, இரண்டு நிமிஷம் காட்டியதும் நிம்மதியாகக் கிளம்பத் தயாரானார். சரியாக ஐந்து மணிக்கு அவர் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பெயிண்டர் துடைப்பத்தோடு வந்தார். அறையில் ஆட்களைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அன்று அவர் சூப்பை மட்டும் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்தார்.

போன் சார்ஜ் போடுகிறாரா? ரேடியோ வைத்துக் கேட்கிறாரா? அவள் உள்ளுக்குள் எரிந்தாள். எட்டு மாதம் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, மருந்து கொடுத்த கைகள். அந்தக் கைகளின் பிழைப்பில் பிளக்கைப் பிடுங்குகிற மனுஷன்! புருஷனிடம் சொன்னால் அவன் குதிப்பான். அவனைக் குதிக்கவிட அவளுக்கு மனசில்லை. கையும் களவுமாகப் பிடித்து, தானே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தாள்.

புதன்கிழமை காலை கணக்குப் பார்த்தாள். இன்னும் எழுநூறு படம் பாக்கி. முழு வேகத்தில் ஓடினால் மறுநாள் பத்தரை. நடந்தால் ஞாயிற்றுக்கிழமை.

பதினொரு மணிக்குப் பெயிண்டர் துடைப்பத்தோடு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்து அவள் திரையில் வேகம் விழுந்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முகம் சுவர்ப்பக்கம். மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கின் ஓரமாக வெள்ளைப் புகை கசிந்தது. காலடியில் பழைய நெபுலைசர் நடுங்கிக்கொண்டிருந்தது. அது ஓடினால் முன்பெல்லாம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். இப்போது சர்வரின் இரைச்சலில் அதன் சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை. அவள் வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சையும் கையால் இழுத்து எடுப்பவர் மாதிரி எடுத்தார்.

ஒவ்வொரு நிமிஷமும் படம் போகிறது என்று தெரிந்தும் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு நிமிஷம் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வெளியே வந்ததும், “மாமா, கொஞ்சம் ஒக்காருங்க” என்றாள்.

“தூசி இன்னிக்குக் கம்மிதாம்மா.”

“மருந்து எப்பத்துலேர்ந்து போடறீங்க?”

பெயிண்டர் துடைப்பத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு மாசமா இழுக்குது. மொதல்ல மொட்ட மாடில தண்ணி டேங்க் பக்கத்துல வெச்சுப் போட்டுட்டிருந்தேன். அப்புறம் இந்த மிஷின் வந்துச்சா, நல்ல சத்தமா இருந்துச்சு. வசதியாப் போச்சு.”

“ஏன் மாமா சொல்லல?”

“சொன்னா?” என்றார் அவர். “சொன்னா அவன் என்ன சொல்லுவான்? யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்பான். போன தடவையே ஒன் வேலைய நான் முழுங்கிட்டேன். இந்தத் தடவையும் முழுங்கச் சொல்றியா? அந்தப் படத்த நீ அனுப்பற வரைக்கும் இழுத்துப் புடிச்சிட்டாப் போதும்னு இருந்தேன்.”

அவள் துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்தாள். அப்புறம், “அந்த ரெண்டாவது பிளக் மாமா” என்றாள்.

“எது? அந்த ஸ்பேர் பிளக்கா?”

“அது ஸ்பேர் இல்ல. அதப் புடுங்கினாத்தான் மிஷின் படுத்துக்குது. இத்தன நாளா அதுதான் கோளாறு.”

பெயிண்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. “ஒரு மிஷினுக்கு எதுக்கும்மா ரெண்டு பிளக்கு? ஒண்ணப் புடுங்கினேன், அது பாட்டுக்கு ஓடிச்சு. நின்னிருந்தா தொட்டிருப்பேனா?” என்றவர் சட்டென்று குரல் உடைந்து, “அப்ப நான்தானா? ஒன் வேலைய இந்தத் தடவையும் நான்தான் கெடுத்தேனா?” என்றார்.

“இன்னும் கெடல” என்றாள். அவளுக்குக் கோபம் போயிருக்கவில்லை. ஆனால் அது யார் மேல் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எழுந்துபோய்ச் சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஹாலில் டிவிக்குப் பின்னால் கிடந்த நீட்டு வயர் பலகையை எடுத்து, சமையலறை சாக்கெட்டில் சொருகி, கதவிடுக்கு வழியாகச் சாமான் அறைக்குள் தள்ளினாள். “சாயங்காலம் இதுல போடுங்க. பன்னெண்டு நிமிஷம் இல்ல, எவ்வளவு நேரம் வேணுமோ போடுங்க.”

“அவன்கிட்ட?”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சொல்ல மாட்டேன். அப்புறம் சொல்லாம இருக்க மாட்டேன். ஒரு மணிக்கு டாக்டர்கிட்ட டோக்கன் போடறேன்.”

“டாக்டரெல்லாம் எதுக்கும்மா…”

“மாமா.”

“சரி” என்றார் பெயிண்டர்.

அன்று மீதிப் பகலும், மறுநாள் காலையும் சர்வர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. சாக்கெட்டை முறுக்கியதால்தான் என்று மெக்கானிக் இரண்டு பேருக்குப் போன் செய்து சொன்னான். அவள் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு மூவாயிரமாவது படம் முடிந்தது. கோர்த்து, ஒரு தடவை ஓட்டிப்பார்த்து, பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினாள். கட்டாத வீட்டின் கட்டாத ஜன்னலில் வெயில் சரியாகத்தான் விழுந்திருந்தது. பன்னிரண்டே காலுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நிறம் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றார்கள், திங்கட்கிழமை அடுத்த கட்டடத்தின் வரைபடம் வரும் என்றார்கள். சாப்பாட்டுக்கு வந்திருந்த மெக்கானிக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“மொதல்ல அந்த மிஷின அமத்தும்மா. காது போச்சு. ஒரு வாரமாச்சு இந்த வீட்ல மனுஷன் பேச்சு கேட்டு.”

அவள் சாமான் அறைக்குப் போய் சர்வரை அமர்த்தினாள். ஆறு விசிறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நின்றன. வீட்டில் சத்தமே இல்லை. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரத்தை வைத்தார்கள். அவள் ஹாலுக்கு வந்து நின்றாள்.

மெக்கானிக் தட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தலையைத் தூக்கி, லிஃப்ட் கூண்டில் நின்று பழுதைக் கேட்கிறவன் மாதிரி காதைத் திருப்பினான். உள் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து, நின்று, கீச்சென்று விட்டு, மறுபடி இழுத்தது.

“என்ன சத்தம் அது?”

“அப்பா மூச்சு” என்றாள்.

அவன் எழுந்து நின்றான். “எத்தன நாளா?”

“ரெண்டு மாசமா. மொதல்ல மொட்ட மாடில போயி மறச்சாரு, அப்புறம் இந்த மிஷின் சத்தத்துல நமக்குக் கேக்கல.”

அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் கேட்ட அதே வாக்கியம். அவன் சொல்வதற்குள் அவள் சொன்னாள்: “ஒரு மணிக்கு டாக்டர்கிட்ட டோக்கன் இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போங்க. யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்னு டாக்டர் சொன்னா, நீங்க ஒரு மாசம் லீவு போடுங்க. அப்புறம் பாத்துக்கலாம். எனக்குத் திங்கட்கிழமை வேல இருக்கு.”

மெக்கானிக் அவளையே பார்த்தான். உள் அறையில் மூச்சு இழுத்தது. அவன் தட்டைத் தள்ளிவைத்து, கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டான். “அப்பா, செருப்பப் போட்டுக்குங்க” என்றான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் உட்கார்ந்தாள். வீடு அமைதியாக இருந்ததால் படியில் இறங்குவது நன்றாகக் கேட்டது. இரண்டு ஜோடிச் செருப்பு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றன. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கின. முதல் மாடித் திருப்பத்தில் மறுபடி நின்றன. இவ்வளவு நாள் அவர் கீழே போய் வந்தபோதெல்லாம் இப்படித்தான் நின்றிருப்பார், ஒருவருக்கும் கேட்டிருக்காது. “புடிச்சுக்குங்கப்பா, அவசரமில்ல” என்று மெக்கானிக்கின் குரல் வந்தது.

கீழ்க்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையாமல் இருந்தாள். பிறகு சாமான் அறைக்குப் போய், இரண்டு பிளக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டு, மிஷினை ஆன் செய்தாள்.